வெளிச் சுவரில் மாட்டும் பெட்டி: வீட்டாருக்கும் தொழில் பழகும் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்



பங்குனி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெயில் ஏறத் தொடங்கிவிடும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் "அத்தா ரூமுக்கு ஒரு ஏ.சி. மாட்டிவிட்டுப் போகிறேன்" என்று சொல்வதும் இந்தப் பருவத்தில்தான். எத்தனை டன், எத்தனை ஸ்டார், என்ன விலை என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகோ, "சீக்கிரம் மாட்டிக் கொடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். வெளிச் சுவரில் என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்பவர் குறைவு.

இந்த மாதப் பாடத்தை அந்த வெளிச் சுவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற கோடையில், நம் அறக்கட்டளையின் உதவியோடு ஏ.சி. தொழில் பழகிய ஒரு பிள்ளை, முதல் மாடி சன்ஷேடில் நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது கால் தவறிக் கீழே விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. நான்கு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவமனைக்குப் பார்க்கப் போன எங்களிடம் அவருடைய அத்தா கோபப்படவில்லை. "பெட்டி நிறைய சாமான் வாங்கிக் கொடுத்தீங்க பாய். கயிறு ஒண்ணும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். நாங்கள் கொடுத்த பெட்டியில் பைப் கட்டர், ஃப்ளேர் கருவி, கேஜ், ஸ்பேனர் எல்லாம் இருந்தன. சேஃப்டி பெல்ட்டும் கயிறும் இல்லை. அந்தக் குறை எங்களுடையது.

ஆகவே இந்தப் பாடத்தை வீட்டாரும் படிக்க வேண்டும், தொழில் பழகும் தம்பிகளும் படிக்க வேண்டும். சொல்ல வருவது ஒன்றுதான். வெளி யூனிட் மாட்டும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் இயந்திரத்தின் ஆயுள், பக்கத்து வீட்டாரின் நிம்மதி, மேலே ஏறி நிற்பவரின் உயிர் ஆகிய மூன்றும் தீர்மானமாகின்றன. அந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

ஏ.சி. குளிரை உண்டாக்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்று நீரை மோட்டார் இறைப்பதுபோல, இது வெப்பத்தை இறைக்கும் பம்ப். குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டி, வெளியில் உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்குச் செலவாகும் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் வெப்பமாகத்தான் மாறுகிறது. இரண்டும் சேர்ந்து ஆறரை கிலோவாட் வெப்பம் அந்த வெளிப் பெட்டி வழியாக வெளியேற வேண்டும். மூன்று இண்டக்‌ஷன் அடுப்புகளை ஒரே நேரத்தில் எரியவிட்டால் வரும் சூடு அது. அவ்வளவு சூட்டையும் தள்ளுவதற்கு அந்தப் பெட்டிக்கு நல்ல காற்றோட்டம் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும்.

எங்கே வைப்பது?

ஏ.சி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் குளிரூட்டும் திறன், வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போது சோதித்துக் கண்ட அளவு. நமக்கோ கத்திரி வெயிலில் 40 டிகிரி சாதாரணம். வளைகுடாவில் வேலை பார்த்த சகோதரர்களுக்குத் தெரியும், அங்கே 46 டிகிரியில் சோதித்த 'டி-3' ரக இயந்திரங்கள் புழங்குகின்றன. நம் ஊரில் விற்பவற்றில் எல்லாம் அப்படி இல்லை. ஏற்கெனவே திணறும் பெட்டியை மூச்சு முட்டும் இடத்தில் வைத்தால், தான் வெளியே விட்ட சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். கரன்ட் பில் ஏறும், மத்தியானத்தில் தானே நின்றுபோகும், கம்ப்ரஸர் சீக்கிரம் கெடும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கம்பெனி கொடுக்கும் கையேட்டில் இருக்கும். அதுவே இறுதி அளவு. பொதுவாக, சுவருக்கும் பெட்டியின் பின்பக்கத்துக்கும் இடையே குறைந்தது 10 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர், காற்று வெளியேறும் முன்பக்கத்தில் ஒரு மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். வால்வுகள் இருக்கும் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்த கை புகுந்து திரும்பும் அளவுக்கு இன்னும் கூடுதலாக இடம் விட வேண்டும். வெயிலுக்குப் பயந்து பெட்டியைச் சுற்றிலும் தகரம் அடித்து மூடுவதும், பிளாஸ்டிக் உறையைப் போட்டபடியே ஓட்டுவதும் தவறு. நிழல் வேண்டுமானால், மேலே இடைவெளி விட்டு ஒரு ஷீட் போதும்.

நம் இரு மாவட்டங்களுக்கும் தூசி ஒரு தனிக் கவலை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் போகும் சாலையோர வீடுகளில் பெட்டியின் பின்புறத் தகடுகளில் வெள்ளைத் தூசி படியும். மழைச்சாரல் பட்டால் அது அப்படியே இறுகிவிடும். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் சோளத் தூசி பறந்து வந்து அடைக்கும். எனவே பெட்டியின் பின்பக்கத்தைச் சாலைக்கோ களத்துக்கோ நேராக வைக்காதீர்கள். இன்னொன்று, கழுவுவதற்குக் கை எட்டும் இடமாகப் பாருங்கள். கோடையில் மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மெதுவான தண்ணீரில் கழுவினால் போதும். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பக்கத்து வீடு

லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வீடும் வீடும் ஒட்டியிருக்கும் தெருக்கள் உண்டு. நம் அறை குளிர, மூன்று அடுப்புச் சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக ஊதிவிடுவது நியாயமா? அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஏ.சி. வாங்க வசதியில்லாத ஒரு மூதாட்டி படுத்திருக்கலாம். சூடு மட்டுமல்ல, இரவு முழுதும் கேட்கும் விர்ரென்ற சத்தமும் உண்டு. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அது இந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கும் முன்பு இருக்கவில்லை. அறக்கட்டளைக் கூடத்தின் வெளி யூனிட் இரண்டு ஆண்டுகளாகப் பின்வீட்டுச் சமையலறையைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அந்த வீட்டார் முகத்துக்காக ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அங்கே போயிருந்தபோதுதான் அந்தச் சூடு எங்கள் மேல் பட்டது. மறு வாரமே பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். பைப் நீளம் கூடியதால் கொஞ்சம் செலவு கூடியது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

எனவே துளை போடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொதுச் சுவராக இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் ஆணிகூட அடிக்காதீர்கள். தண்ணீர்க் குழாயையும் கவனியுங்கள். ஏ.சி. தண்ணீர் அறைக்குள் இருக்கும் யூனிட்டிலிருந்து வருவது. அந்த ட்ரெயின் பைப் வழி நெடுகச் சரிவாக இறங்க வேண்டும், முடிவது நம் எல்லைக்குள் ஒரு செடியடியிலோ வாளியிலோ இருக்க வேண்டும். தெருவில் போவோர் தலையில் சொட்டக் கூடாது.

சுவரும் ஸ்டாண்டும்

ஒன்றரை டன் வெளி யூனிட் 25 முதல் 35 கிலோ வரை எடை இருக்கும். வெறும் எடையை மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. ஓடும்போது அது அதிர்ந்துகொண்டே இருக்கும், பல ஆண்டுகள் அதிரும். முடிந்தவரை தரையிலோ மொட்டை மாடியிலோ சிமென்ட் மேடை கட்டி வைப்பதே மேல். மாட்டுகிறவருக்கும் ஆபத்து குறைவு, பிறகு கழுவுவதற்கும் எளிது.

சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால், கெட்டியான செங்கல் சுவரிலோ கான்கிரீட் பீமிலோ மாட்டுங்கள். பூச்சுக்குள் மட்டும் நிற்கும் ஆணியும், மரக்கட்டை அடித்து முறுக்கிய ஸ்குரூவும் உதவாது. ஆங்கர் போல்ட் செங்கல்லுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். உள்ளீடற்ற ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏ.ஏ.சி. கல் ஆகியவற்றில் சாதாரண ஆங்கர் பிடிக்காது. அங்கே சுவரின் மறுபக்கம் வரை போல்ட்டைச் செலுத்தி, பட்டைத் தகடு வைத்து இறுக்க வேண்டும். சன்ஷேடின் நுனியிலும் தனிச் செங்கல் கைப்பிடிச் சுவரிலும் மாட்டவே கூடாது. ஸ்டாண்டை மாட்டியதும் மட்டப் பலகை வைத்துப் பாருங்கள். பெட்டியின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து, நான்கு போல்ட்டும் இறுக்கியிருக்க வேண்டும்.

மேலே நிற்பவர்

தம்பிகளே, சன்ஷேடு மழையையும் வெயிலையும் தடுக்கக் கட்டியது. ஆளும் 30 கிலோ பெட்டியும் நிற்பதற்குக் கட்டியதல்ல. பழைய வீடுகளில் அதற்குள் கம்பி துருப்பிடித்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

உயரத்தில் வேலை என்றால் உடல் முழுதும் பிடிக்கும் சேஃப்டி பெல்ட் வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது முதுகெலும்பை முறித்துவிடக்கூடும். கயிற்றின் மறுமுனையை மாட்டப் போகும் ஸ்டாண்டிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டாதீர்கள். மொட்டை மாடித் தூண் போன்ற, ஆளைத் தாங்கும் ஒன்றில் கட்டுங்கள். பெட்டியைத் தனிக் கயிற்றில் மேலிருந்து இறக்குங்கள். ஆள் கட்டியிருக்கும் கயிறும் பெட்டி கட்டியிருக்கும் கயிறும் ஒன்றாக இருக்கக் கூடாது. கீழே யாரும் நடமாடாதபடி ஒருவர் நிற்க வேண்டும். தனி ஆளாக இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

வீட்டாரே, பெல்ட் இல்லாமல் ஒரு பிள்ளை ஏறினால், "பரவாயில்லை, பழக்கம்தான்" என்று அவரே சொன்னாலும் நிறுத்துங்கள். அந்த உயரத்துக்குச் சாரம் வேண்டும் என்று அவர் கேட்டால் கூலி பேரம் பேசாதீர்கள். நம் வீட்டு வேலைக்கு வந்த பிள்ளை அந்தச் சில மணி நேரத்துக்கு நம்மிடம் இருக்கும் அமானிதம்.

பைப்பும் வேக்கமும்

உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இரண்டு காப்பர் பைப்புகள் இணைக்கின்றன. கேஸ் கசிவு பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான் வருகிறது. பைப்பை ரம்பத்தால் அறுக்காமல் கட்டரால் வெட்ட வேண்டும். வெட்டிய வாயைப் பிசிறு நீக்கும்போது கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பர் தூள் உள்ளே விழுந்து கம்ப்ரஸருக்குப் போகும். ஃப்ளேர் நட்டைப் பைப்பில் முதலில் கோத்துவிட்டுப் பிறகு வாயை விரிக்க வேண்டும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடித்து, முடிந்தால் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஃப்ளேர் வெடிக்கும். அது சில மாதம் கழித்துத்தான் தெரியும். இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் சுற்ற வேண்டும்.

அடுத்தது, பலரும் தாண்டிப் போய்விடும் வேலை. இணைத்து முடித்தபோது பைப்புக்குள் சாதாரணக் காற்று இருக்கிறது, அதில் ஈரமும் இருக்கிறது. அந்த ஈரம் உள்ளேயே தங்கினால் கம்ப்ரஸர் எண்ணெய் கெட்டு, அமிலமாகி, மோட்டார் சுருளை அரிக்கும். சிலர் வெளி யூனிட்டின் வால்வைக் கொஞ்சம் திறந்து, கேஸைப் பீய்ச்சி, "காற்று போய்விட்டது" என்பார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் ஈரம் போகாது, அளந்து நிரப்பிய கேஸும் குறையும்.

சரியான முறை இது. முதலில் ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, வேக்கம் பம்ப் போட வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம். பம்ப்பை நிறுத்திய பிறகு கால் மணி நேரம் காத்திருந்து, அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்புதான் இரண்டு வால்வுகளையும் ஆலன் கீயால் முழுமையாகத் திறக்க வேண்டும். வீட்டாரே, இந்த அரை மணி நேரம் பம்ப் சும்மா ஓடுவதுபோலத் தெரியும். "என்ன தம்பி, இன்னும் முடியலையா?" என்று கேட்காதீர்கள்.

கேஸும் கரன்ட்டும்

இப்போது வரும் ஏ.சி.களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் உலகம் முழுதும் விலக்கப்பட்டு வருகிறது. ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயு கலந்த அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். மேலும் அது ஓரளவு தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. சில ஏ.சி.களில் உள்ள ஆர்-290 என்பதோ புரொப்பேன். அது சமையல் கேஸ் வகை, இன்னும் எளிதாகத் தீப்பிடிக்கும். எனவே ஏ.சி. வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. கேஸ் இருக்கும் பைப்பில் வெல்டிங் டார்ச் வைக்கக் கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உயிர் சம்பந்தப்பட்டவை. நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஒருபோதும் ஆக்சிஜன் சிலிண்டரைப் போடாதீர்கள். ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பார்கள். அந்த நேரத்தில் பைப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டால், வெளிக்காற்று உள்ளே புகுந்து எண்ணெயோடு சேர்ந்து அழுத்தப்பட்டு, கம்ப்ரஸரே வெடித்துவிடக்கூடும். முதலில் ஏ.சி.யை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் பைப்பில் கை வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு, ஏ.சி.க்கென்று தனி எம்.சி.பி.யும் தனி ஒயரும் வேண்டும். ஒன்றரை டன்னுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயருக்குக் குறையக் கூடாது. தூரம் அதிகமானால் 4 தேவைப்படும். வெளிப் பெட்டி இரும்பு உடம்பு, மழையில் நனைகிறது, குழந்தைகள் தொடுகிறார்கள். எர்த் வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில் அதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் போட்டுவிடுவது நல்லது.

கூலி கொடுக்கும் முன்

வீட்டார் பின்வருபவற்றைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.

1. ஸ்டாண்ட் எந்தச் சுவரைப் பிடித்திருக்கிறது? போல்ட்டுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா?
2. வேக்கம் எவ்வளவு நேரம் போட்டீர்கள்? அளவு நின்றதா?
3. ஃப்ளேர் இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தீர்களா?
4. எர்த் பார்த்தாயிற்றா?
5. உள் யூனிட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் ட்ரெயின் பைப் வழியே முழுதும் வெளியே வருகிறதா?
6. சூடான காற்று யார் வீட்டை நோக்கிப் போகிறது?

தொழில் பழகும் தம்பிகள் இதே ஆறையும் வீட்டார் கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள். கோடையில் ஒரே நாளில் நான்கு வீடு முடிக்கச் சொல்லிக் கடைக்காரர் அனுப்பலாம். சரியாகச் செய்தால் இரண்டுதான் முடியும். அப்படிச் செய்து கொடுத்த இரண்டு வீட்டாரும் அடுத்த கோடையில் உங்களைத்தான் தேடுவார்கள். நாளைக்கு நீங்கள் துபாய்க்கோ தோஹாவுக்கோ போனாலும், பெல்ட் மாட்டி வேலை செய்யும் பழக்கத்தை இங்கிருந்தே கொண்டு போங்கள்.

இந்த ஆண்டு முதல் அறக்கட்டளை கொடுக்கும் தொழில் பெட்டியில் முழு உடல் பெல்ட்டும் கயிறும் முதல் சாமானாக இருக்கும். ஏற்கெனவே பெட்டி வாங்கியவர்கள் அலுவலகத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். வேறு எவராக இருந்தாலும், அவர் எந்தச் சமூகத்தவரானாலும், வேலைக்குப் போகும் நாளில் பெல்ட்டும் வேக்கம் பம்ப்பும் இரவலாக வாங்கிப் போய் மாலையில் திருப்பிக் கொடுக்கலாம். வாடகை கிடையாது.

விழுந்த பிள்ளை இப்போது கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறார். உயரத்தில் ஏறும் வேலையை விட்டுவிட்டு, சர்வீஸ் வேலைக்குப் போகிறார். இன்ஷா அல்லாஹ், வரும் கோடைக்கு முன் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பெல்ட் கட்டும் முறையைச் சொல்லிக் கொடுக்க வரும்படி அவரைத்தான் கேட்டிருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.